யாருடைய கட்டுப்பாடு?

'ஃபேமிலி பிளானிங்' என்பதைத் தமிழில் 'குடும்பத் திட்டமிடல்' என்று சொல்லியிருக்கலாம். நாம் 'குடும்பக் கட்டுப்பாடு' என்றோம். சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் 'கட்டுப்பாடு' என்ற சொல் ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே பழக்கமானது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒன்றை முடிவு செய்வார்கள். அந்த முடிவு யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவர் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இருக்கமாட்டார்.

நெருக்கடி நிலை முடிந்தபின் 1977இல் அரசு அந்தத் துறையின் பெயரை 'குடும்ப நலம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகைகள் மாறின, மக்கள் வாயில் மாறவில்லை. இன்றைக்கும் ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததும், "ஆபரேசன் பண்ணியாச்சா?" என்று கேட்பார்கள். என்ன ஆபரேசன் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. யாருக்கு என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வி ஏன் எழுவதே இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

அதற்கு முன் ஒரு கடனைத் தீர்த்துவிட வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு இல்லையென்றால் என்னைப் போன்றவர்களின் வாழ்க்கையே வேறு. எங்கள் அம்மாயி எட்டு பெற்றார். தங்கியது ஐந்து. எட்டாவது பிரசவத்தின்போது அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, அவரும் மாசமாக இருந்தார். தாயும் மகளும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றதை வெட்கமும் சிரிப்புமாகச் சொல்வார் அம்மாயி. சிரித்துவிட்டுக் கடைசியில், "ஒடம்புல என்ன கண்ணு மிஞ்சுச்சு?" என்பார்.

என் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த இரண்டால்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன், தங்கை நர்சிங் படித்தாள். மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வரப்பு மிஞ்சும் என்பது ஒரு தலைமுறைக்குச் சட்டென்று புரிந்தது. கிணறு வற்ற வற்ற, மரவள்ளியையும் கரும்பையும் நம்பியிருந்தவர்கள் விசைத்தறி, கோழிப்பண்ணை, லாரி, ரிக் வண்டி என்று கிளைபிரிந்தார்கள். எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் முதல் மிஞ்சும்.

தமிழ்நாடு முழுவதற்குமே இது பொருந்தும். 1971இல் இங்கே ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளை பெற்றார். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 1.8. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் இன்னும் குறைந்து 1.4. மக்கள்தொகை ஏறாமலும் இறங்காமலும் நிற்க 2.1 வேண்டும் என்பார்கள். அதை நாம் எப்போதோ தாண்டிக் கீழே வந்துவிட்டோம்.

அமர்த்தியா சென் இதை உலகத்துக்கே எடுத்துக்காட்டாகச் சொன்னவர். 1979க்கும் 1991க்கும் இடையில், ஒற்றைக் குழந்தைச் சட்டம் போட்டு மக்களை நெருக்கிய சீனாவில் பிறப்பு விகிதம் 2.8இலிருந்து 2.0 ஆனது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 3.5இலிருந்து 2.2 ஆனது. நெருக்குதல் தேவையில்லை, பெண்கள் படித்தால், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால், எண்ணிக்கை தானாகக் குறையும் என்பது அவருடைய வாதம். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நெருக்குதல் இல்லை என்பதும் சுதந்திரம் இருந்தது என்பதும் ஒன்றா? எங்கள் ஊர்க் கதையைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருப்பது தெரிகிறது.

*

பிள்ளைப்பேற்றை மனிதர்கள் நிறுத்தலாமா என்ற விவாதம் இந்தியாவில் அரசு தொடங்கியதல்ல. 1930களிலேயே அது சூடாக நடந்தது. அமெரிக்காவில் கருத்தடைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தா போய்க் காந்தியிடம் வாதாடிப் பார்த்தார். காந்தி அசையவில்லை. கருவிகளும் மருந்துகளும் வேண்டாம், புலனடக்கமே வழி என்றார்.

அதற்கு முன்பிருந்தே ஈரோட்டிலிருந்து பெரியார் வேறொன்றைச் சொல்லிவந்தார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. மற்றவர்கள் கருத்தடையை ஆதரிப்பது பெண்ணின் உடல் நலத்துக்காக, குடும்பச் சொத்துக்காக, நாட்டின் வறுமைக்காக. தன் காரணம் இவற்றில் எதுவுமில்லை, பெண் விடுதலை பெறுவதற்காகவே அது வேண்டும் என்று அதில் பிரித்துச் சொல்கிறார். முடிவு ஒன்றுதான், காரணம் வேறு. காரணம் வேறானால் என்ன, பலன் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு திட்டம் எந்தக் காரணத்துக்காகத் தொடங்கியதோ, அந்தக் காரணம்தான் பிற்பாடு அதன் ஒவ்வொரு முடிச்சையும் போடுகிறது. மென்பொருள் வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். எதை அளக்கிறோமோ அதற்காகத்தான் மொத்த அமைப்பும் வளைந்துகொடுக்கும்.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக எடுத்தபோது தேர்ந்துகொண்டது, பெரியார் தள்ளிவைத்த மூன்றாவது காரணத்தை: நாட்டின் எண்ணிக்கை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசுவாமிதான் பிறகு சென்னை மாநிலத்தில் அறுவை சிகிச்சையை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். கணக்கெடுத்தவரே கட்டுப்படுத்தவும் வந்தார். 1950களின் கடைசியில் சென்னை மாநிலம் அறுவை செய்துகொள்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. ஆளைக் கூட்டிவருபவருக்கும் கொடுத்தது. இலக்கு, முகாம், தலைக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு அப்படித்தான் வேர்விட்டது.

*

இளைய வாசகர்கள் நம்பச் சிரமப்படும் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அறுவைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். அது சின்ன சிகிச்சை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். பெண்ணுக்குச் செய்வதோடு ஒப்பிட்டால் ஆபத்தும் குறைவு, செலவும் குறைவு.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான அறுவைகள். அவற்றில் முக்கால் பங்கு ஆண்களுக்கு. வட மாநிலங்களில் ஆள்பிடித்துச் செய்தார்கள் என்ற கோபம் 1977 தேர்தலில் வெடித்தது. அதிலிருந்து எல்லாக் கட்சிகளும் ஒரு பாடம் கற்றன. ஆனால் 'யாரையும் கட்டாயப்படுத்தாதே' என்று கற்றதாகத் தெரியவில்லை. 'ஆணைத் தொடாதே' என்பதைத்தான் கற்றார்கள். திட்டம் அப்படியே இருக்க, உடல் மட்டும் மாறியது.

இன்றைய நிலை இது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.1 சதவீதம். ஆயிரம் வீட்டில் ஒரு வீடு. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்தின் எண்தான் இது.

எங்கள் பக்கம் இதற்குச் சொல்லும் நியாயம் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆம்பளை பாரம் தூக்கறவன், லாரி ஓட்டறவன், அவனுக்கு ஆகாதுங்க." நாமக்கல்லில் லாரி ஓட்டுபவரின் மனைவி பாரம் தூக்குவதில்லையா? தறிப்பட்டறையில் பத்து மணி நேரம் நிற்பவள், குடம் சுமப்பவள், காட்டில் குனிந்து களை வெட்டுபவள் யார்? வாசக்டமிக்குப் பிறகு சில நாள் ஓய்வுக்கு மேல் உடல் வலுவுக்கும் ஆண்மைக்கும் எந்தக் குறையும் வராது என்று மருத்துவம் சொல்லி ஐம்பது வருஷம் ஆகிறது. தகவல் போய்ச் சேரவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சேர வேண்டிய தகவல் எல்லாம் எங்கள் ஊருக்கு வேகமாகவே வந்து சேரும். ஒரிசாவில் டீசல் என்ன விலை என்று மல்லசமுத்திரத்தில் உட்கார்ந்து சொல்வார்கள்.

பெண்ணுக்குச் செய்யும் அறுவை சின்ன விஷயமும் அல்ல. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பதின்மூன்று பேர் இறந்துபோனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் நிலைமை எவ்வளவோ மேல். பெரும்பாலும் பிரசவம் முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியிலேயே, பாதுகாப்பாகச் செய்கிறார்கள். ஆனால் 'பிரசவம் முடிந்த கையோடு' என்பதையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வலியில் படுத்திருக்கும் ஒருத்தியிடம், மாமியாரும் அம்மாவும் நர்ஸம்மாவும் சுற்றி நிற்க, "அப்படியே முடிச்சுரலாமா?" என்று கேட்கும் நேரம் அது.

*

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். அதை லேசாக ஒதுக்கக் கூடாது. "பெண்கள் விரும்பித்தானே செய்துகொள்கிறார்கள்? இதில் உனக்கு என்ன?"

உண்மை. என் அம்மா விரும்பித்தான் செய்துகொண்டார். யாரும் இழுத்துப் போகவில்லை. கேட்டால், "அப்பாடான்னு இருந்துச்சு" என்கிறார். மாத்திரை என்றால் தினமும் ஞாபகம் வேண்டும். நிரோத் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் சம்மதிக்க வேண்டும். காப்பர் டி பற்றி ஊரெல்லாம் பயக்கதை. அறுவை ஒன்றுதான் ஒரே தடவையில் முடிவது, பிறகு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ரிக் வண்டியோடு ஆறு மாதம் ஆந்திராவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போய்விட்டுத் திரும்பும் கணவனுக்குக் காத்திருக்கும் திருச்செங்கோட்டுப் பெண்ணுக்கு அது ஒரு பூட்டு. சாவி தன்னிடம் என்ற நிம்மதி. பல லட்சம் பெண்களின் இந்த நிம்மதியைப் 'பொய் உணர்வு' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஒரே ஒரு பொத்தான் உள்ள திரையை வடிவமைத்துவிட்டு, எல்லோரும் அதையே அழுத்தினார்கள், ஆகவே இதுதான் பயனர்களின் விருப்பம் என்று நாங்கள் அறிக்கை எழுதினால் எங்கள் மேனேஜரே சிரிப்பார். கணவனுக்கு அந்தச் சிறிய சிகிச்சை செய்யலாம் என்ற பொத்தான் அம்மாவின் திரையில் இருக்கவே இல்லை. அவர் தேர்ந்தெடுத்தது நிஜம். தேர்வுப் பட்டியலை வேறு யாரோ எழுதியிருந்தார்கள் என்பதும் நிஜம்.

இந்தப் பட்டியல் எப்படிக் கைமாறுகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு நான் செய்துகொள்வதாக இருக்கிறேன் என்று சொன்னேன். மனைவி சரி என்றாள். அப்பா பேசவில்லை. எதிர்த்தவர் அம்மா. "உனக்கு எதுக்கு சாமி? நாங்கெல்லாம் பண்ணிக்கலையா? அவளே பண்ணிக்கட்டும்." அறுவைக்குப் பிறகு வருஷக்கணக்கில் இடுப்புவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். மருமகளிடம் அவருக்குப் பிரியம் உண்டு. தான் சுமந்ததை இன்னொரு பெண் சுமப்பது நியாயம் என்றும், மகன் சுமப்பது ஆபத்து என்றும் அவருக்கு எந்த யோசனையும் இல்லாமல் தோன்றுகிறது. ஊர்க்கட்டுப்பாடு என்பது இதுதான். போட்டவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அது நிற்கும்.

*

எண்ணிக்கையை மட்டும் குறைத்து மனசை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சேலத்தைவிடக் கசப்பான சாட்சி வேறு ஊரில் இல்லை.

ஐந்து பெற்ற காலத்தில் ஆணும் பெண்ணும் கலந்து வந்தார்கள். இரண்டோடு நிறுத்த வேண்டும், அதில் ஒன்று கண்டிப்பாகப் பையனாக இருக்க வேண்டும் என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது. 1991 கணக்கெடுப்பில், நாமக்கல் பிரியாமல் இருந்த சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுவரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். மாநிலச் சராசரி 948. அந்த இடைவெளிக்குள் இருப்பது கள்ளிப்பாலும் நெல்மணியும், பிறகு ஸ்கேன் மிஷினும். 1992இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கினார். கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்று ஒரு அரசு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1994இல் கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அப்படியும் 2001இல் சேலம் 851ஐத் தாண்டவில்லை. 2011இல்தான் 900க்கு மேல் ஏறியது.

குடும்பக் கட்டுப்பாடுதான் பெண் குழந்தைகளைக் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. பையன் ஆசையும் வரதட்சணையும் அதற்கு முந்தியவை. ஆனால் 'எத்தனை' என்ற கேள்வியை வீடுவீடாக, சுவர்சுவராக, சிவப்பு முக்கோணத்தோடு கேட்ட அரசு, 'யார் வேண்டாம் என்கிறீர்கள்' என்று கேட்கவில்லை. கேட்டபோதும் பழைய பழக்கம் விடவில்லை. 1992இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் மகள் பேரில் அரசு வைப்புத்தொகை போட வேண்டுமானால், ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் என்று விதி சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளைக் காப்பாற்றும் திட்டத்துக்கும் விலை தாயின் வயிறு.

அன்று பிறக்காமல் போனவர்களின் வெற்றிடத்தை இன்று எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பெண் கிடைக்காத பையன்களுக்குப் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் பார்க்கிறார்கள். "காலம் கெட்டுப்போச்சு, பொண்ணுங்களே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்களிடம், அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

*

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு பிள்ளைகளை அதிகம் பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க.ஸ்டாலின், பதினாறும் பெற்று என்ற பழைய வாழ்த்தைப் பிள்ளைகளுக்கே பொருத்திப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். காரணம் தொகுதி மறுவரையறை. 1976இல் 42ஆவது திருத்தம், நாடாளுமன்ற இடங்களை 1971 மக்கள்தொகையோடு உறையவைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. உறைபனி விலகினால், சொன்னபடி பிள்ளைகளைக் குறைத்த மாநிலங்களுக்கு இடம் குறையும். அந்தக் குறை நியாயமானது. சொன்ன சொல்லைக் கேட்டதற்குத் தண்டனையா என்று தமிழ்நாடு கேட்பதில் தவறே இல்லை.

ஆனால் அதற்கான பதில் டெல்லியில் இருக்கிறது, பேறுகால வார்டில் இல்லை. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்பதும் 'சீக்கிரம் பெறுங்கள், நிறையப் பெறுங்கள்' என்பதும் எதிரெதிர் முழக்கங்கள் போலத் தெரிகின்றன. இரண்டும் ஒரே பேனாவால் எழுதியவை. இரண்டிலும் பெண் ஒரு கணக்குப் பதிவேட்டின் பத்தி. அன்று கழித்தார்கள், இன்று கூட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கில் எங்கும் சேராமல் நிற்பவர்களும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டது. காளிக்கும் பொன்னாவுக்கும் பிள்ளை இல்லை. காளியும் ஏச்சு வாங்குகிறான் என்றாலும் ஊர் கடைசியில் தீர்வு தேடுவது பொன்னாவின் உடலில். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் போதுமானவர்களாக இருந்தது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. இன்றும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். முன்பு சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த சேலத்துச் சுவர்களுக்குப் பக்கத்தில் இன்று கருத்தரிப்பு மையங்களின் பெரிய பெரிய போர்டுகள். அங்கேயும் முதல் பரிசோதனைக்குக் கூட்டிப்போகப்படுபவள் பெரும்பாலும் அவள்தான். பெற்றால் நிறுத்து, பெறாவிட்டால் பெறு. இரண்டு ஆணைக்கும் முகவரி ஒன்று.

*

ஆகவே, எத்தனை பிள்ளைகள் என்பது ஒழுக்கம் சார்ந்த கேள்வியே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று பெற்றவர் பொறுப்பானவரும் இல்லை, நான்கு பெற்றவர் பொறுப்பற்றவரும் இல்லை, பெறாதவர் சுயநலக்காரரும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடிந்ததா? சொல்லியிருந்தால் அதற்கு வீட்டிலோ அரசிடமோ விலை கொடுக்க வேண்டியிருந்திருக்குமா? வேறு வழிகள் அவள் முன் நிஜமாக வைக்கப்பட்டனவா? அந்த முடிவின் வலியில் ஆணுக்கு என்ன பங்கு?

சட்டம் இந்த இடத்தில் சமூகத்தைவிட முன்னால் நிற்கிறது. வயதுவந்த பெண்ணுக்குச் சட்டப்படி கருக்கலைப்பு செய்ய அவள் சம்மதம் மட்டும் போதும். கருத்தடை அறுவைக்கும் கணவன் கையெழுத்து கட்டாயமில்லை. 1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பிறகு, 1996இல் இந்தியாவே குடும்பக் கட்டுப்பாட்டு இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனாலும் நடைமுறையில், "வீட்டுக்காரர் வந்திருக்காரா? கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்ற குரலைக் கேட்காத பெண்கள் எத்தனை பேர்? அவர் உடலுக்கு என்றால் ஒருவர் முடிவு, அவள் உடலுக்கு என்றால் எல்லோர் முடிவு.

பெரியார் பிரித்துக் காட்டிய அந்தக் காரணத்துக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை. பலனை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் சமவெளியில் வீடுகள் சிறிதாயின, பிள்ளைகள் படித்தார்கள், கடன் அடைந்தது, காரை வீடு வந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல, இவற்றுக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதல் போட்டவர்கள் அம்மாக்கள். பணமாக அல்ல, உடலாக. அந்த முதலுக்குக் கணக்கு எழுதப்படவே இல்லை. அடுத்த தலைமுறையில் யாராவது, "ஆபரேசன் பண்ணியாச்சா?" என்று கேட்டால், "யாருக்குக் கேக்கறீங்க?" என்று ஒரு வீட்டிலாவது திருப்பிக் கேட்கட்டும். அந்த வீட்டில் 'கட்டுப்பாடு' போய்த் 'திட்டமிடல்' வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.